அவள் ஏன் முன்னால் ஓடினாள்?

இறகுப் பந்து பறக்கும் இந்தக் கூடத்தை இன்று ஏற்றமிகு அவையாக்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஆறு நாள் அலைந்து திரிந்து இந்தப் பாராட்டு விழாவை அமைத்த செயலாளர் அவர்களே! இருபது ஆண்டுகளில் ஒரு சொல்கூடப் பாராட்டாமலேயே ஒரு வீராங்கனையை உருவாக்கிக் காட்டிய பயிற்சியாளர் அவர்களே! காற்று புகுந்தால் பந்து கோணும் என்று அன்றைக்கும் ஜன்னலைத் திறக்க விடாத, இன்றைக்கும் திறக்க விடாத, கூடக் காவலர் அவர்களே! பெற்றுப் பேணி வளர்த்த பெரியோர்களே, தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, மூன்றாம் வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் மாமியார் அவர்களே! முதல் வரிசையில் உட்கார்ந்து, 'சீக்கிரம் முடிங்க' என்று விரலாலேயே மிரட்டிக்கொண்டிருக்கும் விழா நாயகி அவர்களே, அதாவது என் மனைவி அவர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சம் நெகிழ்ந்த வணக்கம்.

அங்கே ஒரு அம்மா அழைப்பிதழால் விசிறிக்கொள்கிறார். மன்னித்துவிடுங்கள் அம்மா, இந்தக் கூடத்தில் மின்விசிறி அழகுக்காக மாட்டியது. நாங்கள் எல்லோரும் இந்தப் புழுக்கத்தில் வெந்து வளர்ந்தவர்கள்தான்.

பதினெட்டு ஆண்டுகள் ஒற்றையர் ஆட்டம் ஆடிவிட்டுப் போன மாதம் மட்டையை உறைக்குள் வைத்தார் என் மனைவி. எனக்கு முன்னால் பேசிய பெருமக்கள் அவர் வென்ற கோப்பைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்கள். எனக்கென்று அவர்கள் மிச்சம் வைத்தது ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வியைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறார்! வேண்டாம் என்கிறார். வீட்டில் நான் உன் பேச்சைக் கேட்பவன்தான். ஆனால் இன்று ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது!

நான் யார்? கணவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் தொழில் என்ன என்பது பலருக்குத் தெரியாது. நான் பயிற்சித் துணை. அடுத்த போட்டியில் என் மனைவி யாரோடு மோதுகிறாரோ அந்த வீராங்கனையைப் போலவே இங்கே நின்று ஆட வேண்டும். அவரைப் போல நடக்க வேண்டும், அவரைப் போல அடிக்க வேண்டும். கணக்கெடுத்தால் இதுவரை நாற்பத்து மூன்று பெண்களாக நான் வாழ்ந்திருக்கிறேன்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒரு இடக்கை வீராங்கனைக்காக மூன்று மாதம் இடது கையால் பல் துலக்கினேன், இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டேன். மாமியார் பதறிப்போய், "மாப்பிள்ளைக்கு வலது கை விளங்காமப் போச்சா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று அழுதார்கள். இன்னொரு வீராங்கனை ஒவ்வொரு புள்ளிக்கும் வீறிட்டுக் கத்துவார். நானும் கத்தினேன். காவலர் ஐயா கையில் தடியோடு ஓடி வந்தார். வந்து பார்த்தால் பாம்பும் இல்லை, திருடனும் இல்லை, நான்தான் நிற்கிறேன்.

இப்போது அந்தத் தோல்விக்கு வருகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், அவர் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய போட்டியின் அரையிறுதி. எதிரே நின்றவர் புதிதாக வந்த நெட்டை வீராங்கனை. வந்த ஒரே ஆண்டில் எல்லோரையும் வாரிச் சுருட்டியவர். என் மனைவி அவரோடு அதுவரை ஆடியதே இல்லை. எப்படியும் இவரோடு மோத வேண்டிவரும் என்று நான்கு மாதம் முன்பிருந்தே நான் அந்த நெட்டையாக இருந்தேன். அவர் ஆடிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பின்னாலிருந்து அடிக்கும் முன் சில நேரம் அவருடைய இடக்கை சட்டென்று தாழும். ஆகா, பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்! நானும் கையைத் தாழ்த்தினேன். தாழ்த்திவிட்டுப் பந்தை மெல்லத் தட்டி வலையோரம் விழவைத்தேன். என் மனைவி முன்னால் ஓடி வந்து எடுப்பார். கை தாழும், அவர் ஓடுவார். கை தாழும், அவர் ஓடுவார். பயிற்சியாளர்கூட அன்றைக்கு, "அப்படியே அவளாட்டமே இருக்குய்யா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான்.

அரையிறுதி வந்தது. ஆளுக்கொரு கேம். மூன்றாவது கேமில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. இரண்டே புள்ளிதான் பாக்கி. நெட்டையின் இடக்கை தாழ்ந்தது. என் மனைவி வலையை நோக்கி ஓடினார். பந்து அவர் தலைக்கு மேலே பறந்து பின்மூலையில் விழுந்தது. அடுத்த புள்ளி. மறுபடி கை தாழ்ந்தது. மறுபடி ஓடினார். மறுபடி பின்மூலை! ஆட்டம் முடிந்தது.

மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின? பதறினார் என்றன. பயந்தார் என்றன. பெரிய மேடையில் கால் நடுங்கிவிட்டது என்றன. 'நடுங்குகால்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள்! ஐயா, அதற்குப் பிறகும் எட்டு ஆண்டு ஆடினாரே, அதே நெட்டையை இரண்டு முறை வென்றாரே, அந்தப் பெயரை யாராவது திருப்பி எடுத்துக்கொண்டீர்களா? போன மாதம் ஓய்வுச் செய்தி போட்டபோதுகூட அந்தப் பெயரைத்தானே தலைப்பில் போட்டீர்கள்?

அன்றைக்குப் பயிற்சியாளர் கேட்டார், "ஏம்மா அப்படி முன்னாடி ஓடுன?" என் மனைவி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "தெரியல சார். தோணுச்சு, ஓடிட்டேன்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் பயிற்சியாளரிடம் இன்னொன்றும் சொன்னார். "அவருக்கு முதுகு வலி சார். ரெண்டு மாசம் வேற யாரையாச்சும் அனுப்புங்க." எனக்கு முதுகு வலியா! நான் கேட்டால், "இருக்குங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்கிறார். மாமியார் என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தார்கள். இல்லாத வலிக்கு இரண்டு மாதம் மணக்க மணக்கக் கிடந்தேன். என்னை ஒதுக்கிவிட்டாள், ஓரங்கட்டிவிட்டாள் என்று உள்ளுக்குள் குமைந்தேன். மனைவியோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

மூன்று ஆண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டு முன்னறைச் சோபாவைத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் மட்டையும் பலூனுமாக ஆடிக்கொண்டிருந்தாள். "அப்பா எப்படி ஆடுவாரு, ஆடிக் காட்டு" என்றார்கள் மாமியார். குழந்தை கெத்தாக நின்றாள். மட்டையைத் தூக்கினாள். இடக்கையைச் சட்டென்று தாழ்த்தினாள். பலூனை மெல்ல, மிக மெல்லத் தட்டினாள். "அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு!" என்று மாமியார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய அரையிறுதியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நெட்டையின் இடக்கை இருபத்தேழு முறை தாழ்கிறது. இருபத்தேழு முறையும் பந்து பின்மூலைக்குத்தான் போகிறது! ஒரு முறைகூட, ஒரே ஒரு முறைகூட, வலையோரம் விழவில்லை. நான்கு மாதம் நான் பார்த்தது அந்தப் பெண்ணின் உடம்பை மட்டும்தான். பந்து எங்கே போகிறது என்று பார்க்க மறந்துவிட்டேன். கை அவருடையது, அதற்குப் பின் வந்த அடி என்னுடையது. நான் ஆடித் தோற்ற காலத்திலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்ட என் சொந்த அடி. அதை நான்கு மாதம் அவர் காலுக்குள் ஊற்றிவிட்டு, என்ன அழகாக நடித்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அடுக்களைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது கேம்லயே தெரிஞ்சுபோச்சுங்க."

"தெரிஞ்சுமா ஓடுன?"

"புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலையே. நாலு மாசம் உங்க கையைப் பாத்தே பழகின காலு. அதுபாட்டுக்கு ஓடுது."

"ஊரே உன்னை அப்படிப் பேசுச்சே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

குழாயை மூடினார். "சொல்லியிருந்தா அதுக்கப்புறம் நீங்க மட்டையைத் தொட்டிருப்பீங்களா?"

அவையோரே, நான் தொட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. என் கைக்குப் பழகிய தன் காலை, என் மனம் நோகாமல், தைலத்தின் மறைவில் இரண்டு மாதம் திருத்திக்கொண்டார். பழியைத் தான் சுமந்தார், வலியை எனக்குப் பொய்யாகத் தந்தார். எத்தனை வீட்டில் இப்படி ஒரு வீராங்கனை இருக்கிறார்? சொல்லுங்கள்!

அதன் பிறகு அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாத வார்த்தை. "ஒற்றையர்னா தனியா நிக்கணும், யாரும் துணைக்கு வர முடியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அன்னிக்கு எனக்கு அப்படியே இல்லீங்க. எதிர்ல நின்னது அவதான், ஆனா எனக்கு நீங்க நின்ன மாதிரியே இருந்துச்சு."

ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பத்திரிகை நண்பர்கள் வந்திருக்கிறீர்கள். பேனாவை எடுங்கள்! அன்று அவள் பதறவில்லை என்று எழுதுங்கள். அவள் கால் நடுங்கவில்லை என்று எழுதுங்கள். பத்தொன்பதுக்குப் பத்தொன்பதில் என்னை நம்பி ஓடினாள் என்று எழுதுங்கள்! பட்டப்பெயர் ஒன்று வேண்டுமென்றால் எனக்கு வையுங்கள். எட்டு ஆண்டுகளாக எனக்கு வர வேண்டிய பெயரை அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அதை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இதோ, அழுகிறாள். மாமியார் அவர்களே, அந்தக் கைக்குட்டையை முன் வரிசைக்குக் கொஞ்சம் கடத்துங்கள்.

போன வாரம் என்னிடம் ஒன்று கேட்டாள். "இனிமே நீங்க யாராட்டமும் ஆட வேண்டாங்க. உங்களாட்டமே ஒரு நாள் ஆடுங்க, நான் பாக்கணும்." அதனால்தான் காவலர் ஐயாவிடம் வலையைக் கழற்றவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாக வியர்த்த பெரியோருக்கும், சிரித்து என்னைக் காப்பாற்றிய தாய்மார்களுக்கும் என் நன்றி. கலைந்து போகும்போது முதல் நான்கு வரிசை நாற்காலிகளை மட்டும் கொஞ்சம் ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள்.

அம்மா வீராங்கனையே! கண்ணைத் துடைத்துக்கொண்டு மட்டையை எடு. என் இடக்கை தாழும்போது தயங்காமல் முன்னால் ஓடி வா. இந்த முறை பந்து அங்கேதான் விழும். வணக்கம்.