பேரம் பேசாத அண்ணன்

எனக்குப் பேரம் பேச வராது, மேடம். காய்கறிக் கடையில சொன்ன விலையைக் கொடுத்துட்டு வந்து வீட்டுக்காரிகிட்ட திட்டு வாங்குற ஆளு நான். என் தங்கச்சியும் கிண்டல் பண்ணுவா. "உன்னை யானை விக்க அனுப்பினா அங்குசத்தையும் சும்மா கொடுத்துட்டு வருவ"ம்பா.

என் தொழிலைக் கேட்டீங்க. புதுசா ஆரம்பிக்கிற கம்பெனியில சேருறவங்களுக்குச் சம்பளத்துல பாதி பணம், மீதி ஷேர். அந்த ஷேரைச் சந்தையில விக்க முடியாது. அவசரம்னா என்னை மாதிரி ஒருத்தன்தான் வாங்குற ஆளைத் தேடிக் கொடுக்கணும். அதுலயும் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலை முடிவானதும் கம்பெனிக்குச் சொல்லணும். அதே விலைக்கு நாங்களே எடுத்துக்கறோம்னு சொல்ல அவங்களுக்கு ஒரு மாசம் டயம். அவங்க வேண்டாம்னாதான் வெளியாளுக்கு.

தங்கச்சியை நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். அப்படி ஒரு புதுக் கம்பெனி, டயர் கடை மாடியில ஏழு பேரோட இருந்தப்பவே சேர்ந்தவ. மழை பெஞ்சா கம்ப்யூட்டருக்குத்தான் முதல்ல குடை பிடிப்போம்னு சிரிப்பா. அவளுக்கு ஈரல் கெட்டுப் போச்சு. மாப்பிள்ளை தன் ஈரல்ல பாதியைத் தர்றேன்னாரு, பொருந்தவும் செஞ்சுது. பணத்தைக் கட்டுங்க, தேதி தர்றோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

வீங்கின காலோட, சுவரைப் பிடிச்சுக்கிட்டே என் ஆபீஸ் படி ஏறி வந்தா. "எல்லா ஷேரையும் வித்துக் கொடுண்ணா. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

அந்த வாரம்தான் என் வாடிக்கையாளர் ஒருத்தர் காதுல போட்டாரு. பெரிய கம்பெனி ஒண்ணு அவ கம்பெனியை முழுசா வாங்கப் போகுது, விலை நாலு மடங்கு ஆகும்னு. நம்பிச் சொன்னதை வெளிய சொல்லலாமா? ஓட்டை வாய்க்காரனுக்கு இந்தத் தொழில்ல சோறு கிடைக்காது. அதனால என் சிநேகிதன் ஒருத்தனை, மொட்டைன்னு கூப்பிடுவோம், வாங்குற ஆளா நிறுத்தினேன். பேரு அவனோடது, பணம் என்னோடது. பாப்பா சொன்ன விலைக்கே சரின்னேன்.

முதல் வாரத்துலயே கம்பெனி கணக்கு பார்க்கிற அம்மா போன் பண்ணிட்டாங்க. "எங்களுக்கு வேண்டாம், வெளியாளு பேருக்கே மாத்திக்கலாம்"னாங்க.

அதை நான் பாப்பாகிட்ட சொல்லல.

தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வழக்கமே அதுதான். நாங்க விலையைக் குறைச்சுக் கேக்க மாட்டோம். சும்மா இருப்போம். அவசரக்காரன் தானா இறங்கி வருவான். பாப்பா போன் பண்றப்பல்லாம், "கம்பெனி இன்னும் வாய் திறக்கல பாப்பா"ன்னேன். சரிண்ணா, நீ சாப்பிட்டியான்னு கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்லிட்டு போனை வெச்சுடுவேன்.

ஒருநாள் குரலே எழும்பாம கேட்டா. "பாதி விலைன்னா அந்த ஆளு உடனே தருவாராண்ணா? எனக்குப் பயமா இருக்கு." கேட்டுப் பார்க்கிறேன்னேன். மொட்டை சரின்னான்.

அங்கதான் சறுக்கிட்டேன். விலை மாறினா கம்பெனிக்குப் புதுசா இன்னொரு மாசம் கொடுக்கணும். ஊருக்கெல்லாம் நான் சொல்லித் தர்ற விஷயம், எனக்கே மறந்து போச்சு. இந்தத் தடவை அவங்க நிஜமாவே வாய் திறக்கல. பாதி விலைன்னதும் நாமே எடுத்துக்கலாமான்னு அவங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. அந்த ஒரு மாசம் நான் பாப்பாகிட்ட சொன்ன ஒரு வார்த்தைகூட பொய் இல்ல மேடம். அந்தக் கணக்கு அம்மாகிட்ட அழாத குறையாக் கெஞ்சினேன். கைமாத்தா கொடுத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. கையில பணம் இருந்துச்சுதான். ஆனா அது ஷேர் வாங்க எடுத்து வெச்ச பணம். தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதானே.

கடைசியில வெளியாளுக்கே போகட்டும்னாங்க. ஆஸ்பத்திரி கட்டில்லயே கையெழுத்துப் போட்டா, பணமும் வந்துச்சு. தேதி கேக்கப் போனா, கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு, இனிமே கத்தி வைக்க முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு.

"அண்ணன் எனக்காக அலைஞ்சே கறுத்துட்டான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க." மாப்பிள்ளைகிட்ட அவ கடைசியா பேசினது அதுதான். நான் அழுத அழுகைக்கு அங்க இருந்த நர்ஸ் ஓடிவந்து தண்ணி கொடுத்தாங்க. அது நடிப்பு இல்ல. இன்னைக்கும் போன் அடிச்சா, சாப்பிட்டியான்னு கேக்கத்தான் கூப்பிடுறாளோன்னு எடுக்கறேன்.

கணக்கு அம்மா துக்கம் கேக்க வந்தப்ப வாயை விட்டுட்டாங்க. நாங்க முதல் வாரமே சரின்னோமே, அப்புறம் ஏன் பாதி விலைக்கு வந்தீங்கன்னு. கம்பெனி நாலு மடங்குக்கு விலை போன சேதி அதுக்குள்ள ஊரெல்லாம் தெரியும். மாப்பிள்ளை கத்தல. ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்தாரு.

"மச்சான், இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அது போதும்"னுட்டு எழுந்து நேரா ஸ்டேஷனுக்கு, உங்ககிட்ட வந்துட்டாரு.

எழுதிக்கோங்க மேடம். வாங்கினது நான்தான், இழுத்தடிச்சதும் நான்தான். பாதி விலைக்கு வாங்கினதால எட்டு மடங்கா ஆன பணமும் என்கிட்டதான் இருக்கு. எதையும் மறைக்கல. ஆனா கூடப் பொறந்தவளை ஏமாத்தினேன்னு மட்டும் எழுதாதீங்க, மனசு தாங்காது. ஊர்ல யார்கிட்டயும் கமிஷன் குறைக்காதவன் நான். அவளுக்கு வந்த பணத்துல, தங்கச்சியாச்சேன்னு, பாதிக் கமிஷன்தான் பிடிச்சேன்.