விருப்ப வரிசைப்படி எழுதவும்

— இன்னொரு தடவ படி பாப்பா. நிதானமா, தமிழ்ல.

— எத்தன தடவப்பா படிக்கிறது? 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்களுடைய இடம் ரத்து செய்யப்பட்டது.' அவ்வளவுதான் மெயில். நான் எப்பப்பா கேட்டுக்கிட்டேன்? எனக்குப் புனே காலேஜ்ல எடம் கெடச்சதே இதப் பாத்துத்தான் தெரியுது! கெடச்சதும் போனதும் ஒரே வரியில!

— நல்லா இருக்கே கத! கேக்காமயே எடுத்துடுவாங்களா? ஏங்க, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே. எவன்டி பாத்த வேல இது?

— ஸ்ரீரங்கத்துக் காலேஜ்தாம்மா. வேற யாரு? நான் புனேக்குப் போட்டிருக்கறது இந்த ஊர்ல நமக்கு அப்பறம் அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அப்பாவுக்குக்கூட இப்பத்தான் தெரியும்.

— அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— அவங்க அப்ளிகேஷன்ல பதினாலாவது கேள்விப்பா. 'விண்ணப்பித்துள்ள கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி எழுதவும்.' நாலு கோடு போட்டு எடம் விட்டிருந்தாங்க. எழுதிட்டேன்.

— கோடு போட்டு விட்டிருந்தா ரொப்பிடுறதா? என்னம்மா நீ! உங்க அத்தைக்கு மாப்பிள்ள பாத்தப்ப, அவங்க வீட்டு நடுக்கூடத்துல உக்காந்துக்கிட்டு, 'கையில இன்னும் மூணு ஜாதகம் இருக்கு, அதுல துவாக்குடிப் பையன்தான் எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு'ன்னா சொன்னோம்? உங்கள விட்டா எங்களுக்கு வேற போக்கே இல்லங்கற மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு பஜ்ஜி தின்னுட்டு வந்தோம்.

— கேட்டதுக்கு உண்மையச் சொன்னது தப்பாப்பா? கீழயே 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை'ன்னு கையெழுத்து வேற கேக்கறாங்க.

— உண்மைதான், நான் இல்லங்கல. அதுக்காக? ஒண்ணு புனே. ரெண்டு சென்னை. மூணு இங்க கன்டோன்மென்ட் காலேஜ். அவங்க ஃபாரத்துலயே அவங்க பேர நாலாவதா எழுதிக் குடுத்திருக்கியே, படிக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்?

— ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்பா. அதுல இருந்த வரிச உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பெத்தவன் கையெழுத்தும் அதே பக்கத்துலதான் இருந்துச்சு. கீழ கையெழுத்துப் போடுறவனுக்குக் கண்ணு மேல போகாதா?

— அப்ப ஒரு மாசமா தெரியுமா!

— அதுக்கும் முன்னாடியே தெரியும். தாம்பரத்துல வளைகாப்புன்னு சொல்லிட்டு ஆத்தாளும் மகளும் மெட்ராஸ் போயிட்டு வந்தீங்களே. வளைகாப்புக்குப் போன ரெண்டு பேர் கையிலயும் பேருக்கு ஒரு கண்ணாடி வளையல் இல்ல. பரிச்ச அட்ட மட்டும் பையில துருத்திக்கிட்டு இருந்துச்சு.

— அட கடவுளே! ஏங்க, தெரிஞ்சுக்கிட்டேவா அன்னிக்கு 'பொண்ணு எத்தனாவது மாசம்'னு கேட்டீங்க?

— நீயும் கூசாம ஏழுன்னு சொன்னியே மகா.

— என்கிட்ட ஏன்பா கேக்கல?

— நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். முன்னப் பின்னத் தெரியாத காலேஜ்காரங்ககிட்ட எழுதிக் குடுத்தவ, அப்பன்கிட்ட வாயத் தொறக்கல. வருத்தமாத்தான் இருந்துச்சு.

— சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க. 'மழ எப்ப வரும்னு படிக்க புனே வரைக்கும் போகணுமா, மொட்ட மாடிக்குப் போனா போதாதா'ன்னு.

— சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு டிக்கெட்டும் போட்டிருப்பேன்.

— அப்பா!

— என்ன அப்பா? உன் மாமாவோட வாழத் தோப்பு மொத்தமும் காத்துல படுத்தப்ப, அந்தச் சேத்துல அவரோட நானும்தான நின்னேன்? 'ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா முட்டுக் குடுத்திருப்பேனே'ன்னு அந்த மனுஷன் கதறுனத நீ மட்டுமா கேட்ட?

— அம்மா, என் துப்பட்டா எங்க? நான் கெளம்புறேன்.

— எங்கடி, இந்த வெயில்ல?

— ஸ்ரீரங்கத்துக்கு. நேரா பிரின்ஸ்பால் ரூமுக்கு. நாலாவதா எழுதிட்டேன்னு கோவம் வந்தா என்னக் கூப்புட்டுத் திட்டுங்க, புனேக்குப் போன் பண்ணி எப்படி என் சீட்ட ரத்து பண்ணலாம்னு அத்தன பேர் முன்னாடியும் கேக்கப் போறேன்.

— அடியே, கையில மிஞ்சியிருக்கறது அந்த ஒரு எடந்தான்டி! அங்க போயி சண்ட போட்டா அதுவும் போயிடும். போனது போகட்டும் விடு. காலையில கைலாசபுரத்துல பஸ் ஏறுனா சாயங்காலம் வீட்டுல இருக்கப் போற. சூடா ஒரு வாய் சாப்புட்டுட்டு உன் கட்டில்ல படுக்கப் போற. இதுக்கு மேல என்ன வேணும்?

— இந்தியா முழுக்க முப்பது சீட்டும்மா! நாப்பத்தோராயிரம் பேர் எழுதுனோம். முப்பதுல ஒருத்தி நான். அத ஒருத்தர் எடுத்துத் தூரப் போட்டிருக்காங்க, நீ சூடா சாப்புடலாங்கற! வழிய விடும்மா.

— உக்காரு பாப்பா.

— விடுங்கப்பா.

— உக்காருன்னு சொல்றேன்ல. அந்தக் காலேஜ்காரங்க பாவம், அவங்க மேல பழி போடாத. நான்தான் பண்ணேன்.

— என்னது?

— நான்தான் ரத்து பண்ணச் சொன்னேன்.

— ஏங்க, நீங்க எதுக்கு...

— நீ சும்மா இரு மகா. இங்க பாரு பாப்பா, ஒருத்தருக்கு ஒரு சீட்டு போதும். ரெண்டப் புடிச்சு வச்சுக்கிட்டா இன்னொரு வீட்டுப் புள்ள வெளியில நிக்கும். அதான். தப்புன்னா தப்பு, ரெண்டு அடி அடிச்சுட்டுப் போ.

— இப்பத்தான் டிக்கெட் போட்டிருப்பேன்னீங்க.

— அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

— ஒரு பேச்சுக்கா? என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்கப்பா. என்னிக்கு ரத்து பண்ணீங்க?

— போன வாரம்.

— போன வாரம் என்னிக்கு?

— என்னிக்கோ ஒரு நாளு. போலீஸ் ஸ்டேஷனா இது?

— மெயில்ல அடியில ரத்து பண்ண நேரம் போட்டிருக்குப்பா. செவ்வாக்கெழம காலையில பதினொண்ணு பத்து. அந்த வாரம் பூரா உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். ரெண்டு மணி வரைக்கும் போன் உங்க ஃபேக்டரி லாக்கர்ல கெடக்கும்.

— டீ குடிக்க வந்தப்ப எடுத்துப் பேசுனேன்.

— பேசுனா மட்டும் ஆகாதுப்பா. ரத்து பண்றதுக்கு ஓடிபி வரும். ஆறு நம்பர். அதப் படிச்சுச் சொல்லணும். எந்தப் போனுக்கு வந்துச்சு?

— என் போனுக்குத்தான். வேற யார் போனுக்கு வரும்?

— உங்க நம்பர நான் குடுக்கவே இல்லயேப்பா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான...

— சரி, விடு. அதோட விட்டுடு பாப்பா. உன் கால்ல வேணாலும் விழறேன், இதுக்கு மேல நோண்டாத.

— அம்மா.

— அவள ஏன் கூப்புடுற? என்கிட்ட பேசு.

— அம்மா, ஏன் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? உன் போனக் குடு.

— அடுப்புல பால வச்சிருக்கேன்டி...

— குடும்மா.

— போனப் பாத்து என்ன ஆகப் போவுது? நானே சொல்றேன். அவங்களேதான் கூப்புட்டாங்க. மொதல்ல இந்தியில என்னமோ பேசுனாங்க, அப்பறம் தமிழ் தெரிஞ்ச பையன் ஒருத்தன லைன்ல விட்டாங்க. 'உங்க பொண்ணுக்கு எடம் கெடச்சிருக்கும்மா'ன்னான். தங்கமான பையன், அவனுக்கே அவ்வளவு சந்தோஷம். 'வேற எங்கயாச்சும் போட்டிருக்காங்களா, அங்க சேர்ற மாதிரி இருக்கா'ன்னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— ஸ்ரீரங்கத்துல சேந்துட்டான்னு சொல்லிட்டேன். 'அப்ப இத ரத்து பண்ணிடலாமா, ஒரு நம்பர் வரும், படிங்க'ன்னான். படிச்சேன். நேத்துதான் உங்கப்பாகிட்ட சொல்லி அழுதேன். அவரு மேல ஒரு தப்பும் இல்லடி. 'நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்'னுட்டாரு.

— நீயாம்மா? வேற யார் பண்ணியிருந்தாலும் தாங்குவேனே! ஃபாரம் ரொப்பறப்ப பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு எழுத்தா சரி பாத்தது நீ. பரிச்ச ஹால் வாசல்ல மூணு மணி நேரம் கால் கடுக்க நின்னது நீ. 'தைரியமா எழுதுடி, நீ போயிட்டு வா, அப்பாவ நான் பாத்துக்கறேன்'னு சொன்னதும் நீதானேம்மா?

— சொன்னேன்டி. நாப்பத்தோராயிரம் பேர்ல உனக்கா கெடைக்கப் போவுதுங்கற தைரியத்துலதான்டி சொன்னேன்.