சந்தனம் பூசிய போர்டு

1986 அக்டோபர் 14, செவ்வாய். வழக்கம்போல் பம்பாய் மாட்டுங்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் தாராவி வீடியோ கேம் கடைக்காரர் ஒருவர், கேம் மெஷினின் சர்க்யூட் போர்டை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மெக்கானிக்.

“அஞ்சு வோல்ட்டு சரியா வருது அண்ணாச்சி. போர்டுக்குள்ளதான் ஏறமாட்டேங்குது.”

“தீபாவளிக்குள்ள ஓடலைன்னா பயலுவ பூரா எதுத்த கடைக்குப் போயிருவானுவ வே!”

“சொருகுற பல்லு பூரா மஞ்சளா என்னது இது?”

“சந்தனம். ஆயுத பூஜைக்கு நாந்தான் பூசினேன்.”

“கரண்டு போற எடத்துலயா?”

“பின்ன? மெஷின்ல வேலை செய்யுற எடமே அதானய்யா!”

“தொடைச்சா ஓடும்.”

“சாமி குத்தம் ஆயிரும்லா?” கடைக்காரர் போர்டை மெக்கானிக்கிடம் நீட்டினார். “நீரு தொடையும். நான் பாக்கல” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை, மனைவி குளிக்கப் போனதும் முதல் வேலையாக, ஆயுத பூஜையிலிருந்து பேசாத எங்கள் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, அதன் பல்லில் அவள் பூசியிருந்த சந்தனத்தைச் சுரண்டினேன்.