ஆளுக்கு ஒரு காது

தாம்பரத்தில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் மடியில் குமிழ்களும் கலர் கலராய் ஒயர்களும் துருத்திய ஒரு மரப்பெட்டி.

"அத்தனை பேர் முன்னாடி பொண்டாட்டிய காணாம ஆக்கின ஒரே ஆள் நீங்கதான்" என்றார் அந்தப் பெண். நான் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

"இந்த சிந்தசைசர் பெட்டி மேல தப்பில்ல, ஷாஹீன். நீ பாடி ரெக்கார்ட் பண்ணத இடது பக்கம் நேரா விட்டேன். வலது பக்கம் ஒலி அலையை தலைகீழா திருப்பி விட்டேன். குரல் அகலமா கேக்கும்னு நெனச்சேன்."

"செம்பாக்கம் ஹால்ல என் குரல் கேக்கவே இல்லையே! உங்க மெஷின் மட்டும்தான் உறுமிச்சு."

"அங்க ஒரே ஸ்பீக்கர்மா. ரெண்டு பக்கமும் அதுல ஒண்ணா சேர்ந்துச்சு. ஒரு அலை மேல போறப்ப இன்னொண்ணு கீழ போவும். கூட்டினா சைபர்."

"வீட்ல தினம் கேட்டோமே, அப்ப தெரியலையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு காதுலயும் போட்டிருந்தா ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிருக்கும். நாமதான் எப்பவும் ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிறோமே."

"அப்ப இன்னொரு இயர்போன் வாங்கணுமா?"

"வாங்கிடலாம்."

"ஒண்ணும் வேணாம். தலைகீழா விட்ட அந்த வலது பக்க ஒயரை மட்டும் நேரா மாத்துங்க."

அவர் பையிலிருந்து இயர்போனை எடுத்துப் பெட்டியில் செருகி, வழக்கம்போல ஒரு முனையை நீட்டினார். அந்தப் பெண் அதைக் காதில் செருகி, கண்ணை மூடித் தன் பாட்டைக் கேட்டார்.

"இதோ இருக்கேனே" என்றார்.