போட்டோவில் இருக்கும் குழி

ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில், பேப்பர் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று குறுக்கே கிடந்தது. டிரைவர் பிரேக் போட்டால் யாரைக் குத்துமோ என்று எனக்குப் பயம்.

“குழியோட போட்டோ பத்திரமா இருக்கு, குழிதான் இல்ல” என்றாள் அவள். “நம்ம அபார்ட்மெண்ட் பர்மிஷனுக்காக மழைத்தண்ணிக் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு, கல்வாழை நட்டு, போட்டோ எடுத்தாங்க. இப்ப மூடிட்டாங்க.”

“கார் நிறுத்தணும்னுதானே அக்கா மூடினாங்க?”

“மொட்டைமாடித் தண்ணியெல்லாம் அதுலதான் இறங்கிட்டிருந்தது. அதை மூடி டைல்ஸ் ஒட்டினதும் நேரா கீழ இருக்கற என் வீட்டுக்குள்ள வருது. போன மழையில ஆறு கல்யாண பிளவுஸ் சாயம் போச்சு. இனி யாரு எங்கிட்ட தைக்கக் கொடுப்பா?”

“செக்ரட்டரிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ஃபைலைத் திறந்து போட்டோவைக் காட்டறான், ‘இதோ இருக்கேம்மா’ன்னு. மூடலாமான்னு மீட்டிங்ல கேட்டப்ப நீயும்தானே கை தூக்கின, மூணாவது மாடி மகாராணி?”

“டைல்ஸ் போட்டா அழகா இருக்கும்னாங்க…”

ஜன்னலில் பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. மூத்தவள் பேப்பரைப் பிரித்தாள். உள்ளே புதுக் கடப்பாரை இருந்தது.

“ஐயோ, நக்கோ அக்கா, வேண்டாம்! பெரிய சண்டையாயிடும்.”

“ஆகட்டும். அதையும் போட்டோ எடுத்து ஃபைல்ல வச்சுக்கட்டும்.”

ஸ்டாப் வந்தது. இளையவள்தான் முதலில் எழுந்து, கடப்பாரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் புடவையை மாத்திட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் டைல்ஸ்ல கை வைக்காதீங்க.”