தண்ணீர் வராத பன்னிரண்டு துளைகள்

கடற்சுவரைக் கடல் இடிப்பதில்லை, ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் வந்து மோதுகிற அலையை நல்ல சுவர் எத்தனை வருடமானாலும் தாங்கும். பின்னால் தோட்டத்து மண்ணில் ஊறித் தேங்குகிற மழைநீர்தான் அதைத் தள்ளிச் சாய்க்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் சுவரின் அடியில் வரிசையாகத் துளை விட்டுக் குழாய் பதிக்கிறோம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

கடலோரத்து அந்த வெள்ளை வீட்டுக்காரருக்குத் துளைகளைக் கண்டாலே ஆகாது. செம்மண் கலங்கல் வழிந்து சுவர் முழுக்கக் கறையாம்.

"சுவர் அழுது வடியுது மேஸ்திரி. எல்லாத்தையும் அடைச்சு வெள்ளையடிச்சிடுங்க" என்றார்.

அடைத்தால் சுவர் நிற்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அடைத்தேன்.

அடுத்த மழையில் சுவர் விரிசல் விட்டது. பூசப் போன என் தம்பியின் மேல் அப்படியே சரிந்தது. அவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். விசாரணையில் வீட்டுக்காரர், துளையைப் பற்றி யாரும் தன்னிடம் வாயே திறக்கவில்லை என்று கூசாமல் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, சுவரைத் திரும்பக் கட்ட அவரே கூப்பிட்டார். இந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் கிடையாது.

"பழசை மனசுல வெச்சுக்காதீங்க மேஸ்திரி. இந்தத் தடவை துளை எத்தனை வேணும்னாலும் விடுங்க."

பன்னிரண்டு விட்டேன். இடிபாட்டிலிருந்து எடுத்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் குழாய்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். சுவரின் கனம் நான்கு சாண். வெளியிலிருந்து பார்த்தால் துளை, உள்ளே போனால் முட்டுச்சந்து. பிசிறில்லாமல் பூசினேன். என் கை செய்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று. அதில் எனக்கு வெட்கமில்லை.

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

"மேஸ்திரி, சுவர் வயிறு தள்ளிட்டு நிக்குதே. கொஞ்சம் வந்து பாருங்க."

"வர்றேன் சார். அதுக்கு முன்னாடி மணல்ல இறங்கி, துளையில தண்ணி வருதான்னு பாருங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "ஒண்ணுலயும் வரலையே."

"குனிஞ்சு உள்ள பாருங்க சார். நடுவுல இருக்கற துளை."

சுவர் சரிகிற சத்தம் போனில் கேட்டது. வைத்துவிட்டு, பாதியில் விட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். வருந்துகிறேன் என்று நீங்களாக எதையும் சேர்த்து எழுதாதீர்கள், கையெழுத்துப் போட மாட்டேன். என் தம்பியைக் கொன்றவர் என் தம்பி செத்த மாதிரியே செத்தார். கணக்கு நேராகிவிட்டது.

தம்பி மனைவி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். விரிசலைப் பூசப் போன அன்று காலை அவன், "அண்ணே, முதல்ல துளையத் திறந்து தண்ணிய வடிய விட்டுட்டு அப்புறம் பூசலாமே" என்று கேட்டானாம். நான், "மறுபடியும் கறை பட்டா சார் கத்துவாரு. பேசாம பூசுடா" என்றேனாம்.

சொன்னேன், ஐயா. ஆனால் அதை இதில் எழுத வேண்டாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.