நாடு முழுக்க ஒரே காப்புறுதி

பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு பலகாரப் பெட்டி.

"என்ர இருமலைக் கேட்டே நான்தானெண்டு பிடிச்சிடுவாள்," என்றார் அவர். நான் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

"ஆர் அண்ணை?" என்றார் மற்றவர்.

"மருத்துவக் காப்புறுதிக் கந்தோரில இருந்த ஜெர்மன்காரி. என்ர மனிசி செத்த நேரம் பேப்பரெல்லாம் அவள்தான் நிரப்பித் தந்தவள். ஒவ்வொரு தீபாவளிக்கும் பயித்தம் பணியாரம் கொண்டுபோய்க் குடுக்கிறனான். இண்டைக்குப் போனால் கந்தோர் பூட்டு."

"அது இந்த மாநிலத்துக்கு மட்டும் இருந்த காப்புறுதியெல்லோ? பெரிய காப்புறுதிக் கம்பனியோட சேர்த்துப் போட்டாங்கள். நல்லதுதானே அண்ணை, இனி நாடு முழுக்க ஒண்டுதான். எந்த மாநிலத்துக்குப் போனாலும் கந்தோர் மாறத் தேவையில்லை."

"நான் எங்க போறன்?"



"போன் எடுத்துப் பாத்தியளோ?"

"ஓம். மெசின்தான் கதைக்குது. நோய் வருத்தமெண்டால் ஒண்டை அமத்தட்டாம். வீடு மாறினால் ரெண்டு. ஆள் செத்திட்டால் மூண்டு."

பெட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

"சும்மா கதைக்கிறதெண்டால் எதை அமத்திறதெண்டு அது சொல்லேல்லை."